மயக்கும் பொருள் மருந்தாகலாமா?

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த என் உறவினரான மூதாட்டி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். புற்றுநோயால் அவர் வருந்திக் கொண்டிருந்த காலம் அது. வலி தாங்க இயலாத நிலை வந்தபோது மருத்துவர் மார்பின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அது அபினியிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்று பேரன் வாயிலாக அறிந்த மூதாட்டி அதனைத் தொட மறுத்துவிட்டார்.

"தம்பி, மயக்கம் தரும் எதையும் நாவில் வைப்பதில்லை என்று இருபது வயதில் விரதம் ஏற்றவள் நான். இன்றைக்கு அபினி என்கிறார்கள். வெளிநாட்டில் கஞ்சாவிலிருந்தும் எண்ணெய் எடுத்து மருந்தாகத் தருகிறார்களாம். பேரன் படித்துச் சொன்னான். நாளைக்கு அதையும் தருவார்கள். உடம்பு வலிக்கிறது என்பதற்காக விரதத்தை விட்டுவிடலாமா? நீ நாலும் படித்தவன், சொல்" என்றார்.

அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறேன், பெரியம்மா" என்று கூறி வந்துவிட்டேன். அவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உலக நாடுகள் பல கஞ்சாவை மருந்தென ஏற்று வருகின்ற இக்காலத்தில், அறநெறியில் நிற்க விரும்பும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும். ஆதலின் அதனை ஈண்டுச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு

கஞ்சாவின் மருத்துவப் பயன் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. ஆயுர்வேதம் 'விஜயா' என்னும் பெயரில் இச்செடியை நெடுங்காலமாக அறிந்திருந்தது. இதனை மேலை மருத்துவத்திற்கு அறிமுகம் செய்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓஷானெசி என்னும் ஐரிஷ் மருத்துவர். அவர் 1839 ஆம் ஆண்டில் தம் ஆய்வினை வெளியிட்டார். இந்நாட்டு மருத்துவர்களிடமும் நூல்களிடமும் கேட்டறிந்து, முதலில் பிராணிகளிடமும் பின்னர் நோயாளிகளிடமும் இதன் பயனைச் சோதித்தார். கீல்வாதம், வாந்திபேதி, இரணஜன்னி, குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றிற்கு இதனைக் கொடுத்துப் பார்த்தார்.

அவர் எழுதியவற்றுள் வெறிநாய்க்கடி நோயாளி ஒருவரின் நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. அந்நோயைத் தீர்க்க அன்று எவராலும் இயலவில்லை, ஓஷானெசியாலும் இயலவில்லை. அந்நோயாளி இறந்தார். ஆனால் இறுதி நாட்களில் அவருடைய கொடுந்துன்பம் தணிந்தது. நோயைத் தீர்க்க முடியாத இடத்திலும் துன்பத்தைத் தணிக்க முடியும் என்பதையும், அதுவும் மருத்துவத்தின் கடமையே என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. இக்கட்டுரையின் மையக் கருத்தும் ஏறத்தாழ அதுவே.

பின்னர், கஞ்சாவினால் மக்கள் கெடுகின்றனர் என்ற குரல் எழவே, ஆங்கில அரசு 1893 இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இந்தியா முழுவதும் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, அளவோடு பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கு இல்லை என்றும், மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்குத் தீங்கு உண்டு என்றும், முழுத்தடை வேண்டுவதில்லை என்றும் 1894 இல் அறிக்கை தந்தது. எனினும் உலகம் வேறு வழியில் சென்றது. 1925 இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இந்தியக் கஞ்சாவைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. 1961 ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை, மிகுந்த கேடு விளைவிப்பதும் மருத்துவப் பயன் அரிதாக உடையதும் எனக் கருதப்பட்ட நான்காம் பட்டியலில் ஹெராயினோடு கஞ்சாவையும் வைத்தது. நம் நாட்டில் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாப் பூவையும் சரஸ் எனும் பிசினையும் தடை செய்தது. மருத்துவத்திற்கும் அறிவியல் ஆய்விற்கும் மட்டும் இடம் விட்டது. பூவோடு சேராத இலை அச்சட்டத்தின் விளக்கத்திற்குள் வராது. வட இந்தியாவில் 'பாங்கு' என விற்கப்படுவது அவ்விலையே.

ஒரே செடியில் இரு பொருள்கள்

இந்நிலை மாறுவதற்கு அடிப்படையாக அமைந்தது வேதியியல் ஆய்வு. இஸ்ரேல் நாட்டு அறிஞர் ரபேல் மெகௌலம், தம் துணைவர்களோடு 1963 இல் கன்னாபிடியால் என்னும் பொருளின் அமைப்பையும், அடுத்த ஆண்டில் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் பொருளின் அமைப்பையும் கண்டறிந்தார். பின்னதை டி.எச்.சி. என்று சுருக்கி வழங்குவர். மயக்கம் தருவது முக்கியமாக இந்த டி.எச்.சி. ஆகும். கன்னாபிடியாலோ போதை தருவதில்லை. 1992 இல் மெகௌலத்தின் ஆய்வுக்கூடம் மற்றொரு வியப்பான உண்மையையும் வெளியிட்டது. டி.எச்.சி. சென்று பொருந்தும் அதே இடத்தில் பொருந்துகின்ற ஒரு பொருளை மனித மூளை தானே சுரக்கிறது என்பதே அது. அதற்கு 'ஆனந்தம்' என்ற நம் நாட்டுச் சொல்லைக் கொண்டு 'ஆனந்தமைடு' என அவர்கள் பெயர் சூட்டினர்.

இவ்வாராய்ச்சியின் பயன் குழந்தைகளுக்குக் கிடைத்தது. டிராவெட் நோய் என்பது பிறந்த முதல் ஆண்டிலேயே தொடங்கும் கொடிய வலிப்பு நோய். வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காதது. 2 முதல் 18 வயது வரை உள்ள 120 பேரிடம் கன்னாபிடியாலைச் சோதித்த முடிவு 2017 இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோரிடம் மாதத்திற்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. மருந்தற்ற போலிக் கரைசல் பெற்றோரிடம் அது 14.9 இலிருந்து 14.1 ஆக மட்டுமே குறைந்தது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, ஈரல் மாறுபாடு ஆகிய பக்க விளைவுகளும் இருந்தன. எனினும் பயன் மிகுதி என்று கண்டு, 2018 ஜூனில் அமெரிக்க மருந்து ஆணையம் எபிடயோலெக்ஸ் என்ற பெயரில் இம்மருந்தை ஏற்றது.

அதே ஆண்டில் இங்கிலாந்திலும் ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. வலிப்பு நோயுற்ற தன் மகனுக்காகத் தாய் ஒருவர் கனடாவிலிருந்து கொண்டுவந்த கஞ்சா எண்ணெயை லண்டன் விமான நிலையத்தில் பறிமுதல் செய்தனர். சிறுவனுக்கு வலிப்பு மீண்டும் கண்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நாடே பேசிய பின்னர் உள்துறை அமைச்சர் அம்மருந்தைத் திருப்பித் தர ஆணையிட்டார். 2018 நவம்பர் முதல் நாளிலிருந்து சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளை எழுதிக் கொடுக்கச் சட்டம் இடமளித்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, கஞ்சாவை நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆதரவாக 27 நாடுகளும் எதிராக 25 நாடுகளும் வாக்களித்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

அச்சம் பேசும் பொய்

இவ்வரலாற்றில் இரண்டு பொய்களை நாம் காணலாம். ஒன்று அச்சத்தால் பேசப்படுவது. மற்றொன்று ஆசையால் பேசப்படுவது.

'மயக்கம் தருவது ஆகையால் மருந்துக் குணம் இல்லை' என்பது அச்சத்தின் பொய். இதனால் விளைந்த தீங்கிற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபினிச் செடி பயிரிடப்படுகிறது. உலகிற்கு மருத்துவ அபினியை வழங்கும் நாடுகளுள் நம்முடையதும் ஒன்று. ஆயினும் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னர், உரிமங்கள் பலவற்றைப் பெறும் தொல்லைக்கும் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்பினைக் கைவிட்டன. அதன் பயன்பாடு மிகப் பெருமளவு குறைந்தது. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தே மாண்டனர். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். இராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே, 2014 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தீமையை ஒழிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு இயற்றிய சட்டமே நோயாளிகளின் துன்பத்திற்குக் காரணமாயிற்று. துன்பத்தைத் தணிக்கும் வழி கையில் இருக்கவும் அதனை அடைத்து வைப்பது ஒருவகைக் கொடுமையே என்பதை நாம் மறுக்கலாகாது.

ஆசை பேசும் பொய்

'மருந்து என்று ஏற்கப்பட்டது ஆகையால் தீங்கு இல்லை' என்பது ஆசையின் பொய். கலிபோர்னியா மக்கள் 1996 இல் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவுக்கு இடம் தந்தபோது, அதன் பின்னணியில் உண்மையான இரக்கம் இருந்தது. எய்ட்ஸ் நோயால் உணவு செல்லாது மெலிந்து மாண்ட இளைஞர்களைக் கண்டு மனம் பொறாதவர்கள் அதற்காகப் பாடுபட்டனர். சான்பிரான்சிஸ்கோ நகர மருத்துவமனையில் தொண்டு செய்த மேரி ராத்பன் என்ற மூதாட்டி, நோயாளிகளுக்குக் கஞ்சா கலந்த இனிப்பு அப்பம் செய்து கொடுத்தவர், அத்தகைய அப்பம் பற்றிப் பலமுறை கைதானவர். ஆனால் அவ்விரக்கம் திறந்த வாயில் வழியே நோயற்றவர் பலரும் மருத்துவச் சீட்டோடு நுழைந்தனர் என்பதும் உண்மை.

தாய்லாந்து நாட்டின் அனுபவமும் இத்தகையதே. 2018 இல் மருத்துவத்திற்கு என்று தொடங்கிய அந்நாடு, 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான கடைகள் தெருவெங்கும் முளைத்தன. நோக்கம் மருத்துவம் என்றே அரசு கூறியது. விற்பனையோ வேறாக இருந்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கலாகாது என்று அரசே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

அறிவியல் கூறுவதும் இருபக்கம் உடையது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, நாட்பட்ட வலி, புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்தி, தண்டுவட மரப்பு நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றிற்கும் போதிய சான்று உண்டு என்றது. அதே அறிக்கை, மனச்சிதைவு நோய், வாகன விபத்து, குறைந்த எடையில் குழந்தை பிறத்தல் ஆகியவற்றோடு கஞ்சாவிற்குத் தொடர்பு உண்டு என்றும் கூறிற்று. கண்ணழுத்த நோய்க்கு இது மருந்து என்று ஒரு காலத்தில் பெரிதும் பேசினர். 1976 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அக்காரணம் பற்றி ஒருவரைக் குற்றமற்றவர் என விடுவித்ததும் உண்டு. ஆனால் அதன் பயன் சில மணி நேரமே நிற்கும் என்பதால் இன்று கண் மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைப்பதில்லை. புற்றுநோயையே தீர்க்கும், எல்லா நோயும் போக்கும் என்று விளம்பரம் செய்வோர் பேச்சு சத்திய விரதத்திற்குப் பகையானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

விரதத்தின் உட்பொருள்

இனி மூதாட்டியின் வினாவிற்கு வருவோம். கள்ளும் மயக்கும் பிற பொருள்களும் விலக்கப்பட்டமைக்குக் காரணம் யாது? புருஷார்த்த சித்தியுபாயம் இரு காரணங்களைக் கூறுகிறது. மது மனத்தை மயக்குகிறது. மயங்கிய மனத்தான் அறத்தை மறக்கிறான். அறத்தை மறந்தவன் தயங்காது கொலை புரிகிறான் என்பது ஒன்று. புளித்த மதுவில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றுகின்றன. அதனைப் பருகுவது அவற்றிற்கு ஊறு செய்வதாகும் என்பது மற்றொன்று. தத்துவார்த்த சூத்திரமும் கொலைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் 'பிரமாதம்' எனும் விழிப்பின்மையையே முதலில் வைக்கிறது. எனவே தீமை செடியில் இல்லை. அச்செடியால் விழிப்பை இழக்க விரும்பும் மனத்தில் இருக்கிறது எனலாம்.

இவ்வாறு நோக்கினால், போதை தராத கன்னாபிடியாலை வலிப்புற்ற குழந்தைக்குக் கொடுப்பதில் முதற்காரணம் பொருந்தாது. வலிப்பினால் நினைவிழக்கும் குழந்தைக்கு அம்மருந்து விழிப்பை மீட்டுத் தருகிறது அன்றோ? ஆனால் இங்கும் நுணுகி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. எபிடயோலெக்ஸ் மருந்தில் நல்லெண்ணெயோடு சிறிதளவு ஆல்கஹாலும் கலந்துள்ளது. விரதம் காப்போர் இதனையும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். மேலும், இத்தகைய மருந்துகள் யாவும் பிராணிகளிடம் சோதிக்கப்பட்டே வருகின்றன. டி.எச்.சி. கூடக் குரங்குகளிடம் சோதிக்கப்பட்டது. மருந்துண்ணும் நாம் அவ்வுயிர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்ற நினைவு நம்மை விட்டு நீங்கலாகாது.

டி.எச்.சி. உள்ள மருந்தும் மார்பினும் வேறுவகை. அவை மனத்தைத் தொடக்கூடியவை. இங்கே மூதாட்டியின் தயக்கம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இறுதிக் காலத்தைத் தெளிந்த உணர்வோடு எதிர்கொள்ள வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் எண்ணியவர்க்கு, மயங்கிக் கிடப்பதைவிட வலி மேலெனத் தோன்றலாம். அவ்வுறுதியை மூடத்தனம் என்று ஏசுவோர் அதன் பெருமையை அறியாதவர்.

எனினும் மற்றொரு நோக்கும் உண்டு. வேதனையால் எழும் இடையறாத கலக்கத்தையும் ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாக நம் நூல்கள் வகுத்துள்ளன. தாங்கொணா வலியும் மனத்தை மயக்கவே செய்கிறது. இரவெல்லாம் 'ஐயோ' என்று அரற்றுபவருக்குப் பஞ்ச நமஸ்காரம் நினைவுக்கு வருமா? அளவறிந்து தரப்படும் மார்பினால் முதல் சில நாட்களில் தூக்கக் கலக்கம் இருப்பினும், பெரும்பாலோர்க்கு அது விரைவில் குறைந்துவிடும் என்று மருத்துவர் கூறுவர். அவ்வாறாயின், விரதம் எதனைக் காக்க ஏற்பட்டதோ அந்தத் தெளிவை மருந்தே காப்பதும் உண்டு.

இதனை அநேகாந்த நோக்கு என்று கூறலாம். ஆனால் அநேகாந்தம் என்பது எல்லாவற்றையும் சரியென்று ஏற்பதன்று. ஒரு பொருள் எந்த நோக்கில், எந்த அளவில், எவருக்கு, எக்காலத்தில் நன்மையாகிறது என்று வரையறுத்துக் கூறுவதே அது. 'கஞ்சா நல்லது' என்பதும் 'கஞ்சா தீயது' என்பதும் வரையறையின்றிச் சொல்லப்படும்போது இரண்டும் ஏகாந்தமே.

இல்லறத்தார் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஆதலின் இத்தகைய மருந்து நம் இல்லத்திற்கு வரும் நாளில் நான்கு வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.

1. நோய் உண்மையானதா? மருத்துவர் ஆராய்ந்து கூறியதா, நாமே கற்பித்துக் கொண்டதா?

2. மயக்கமற்ற வேறு மருந்தால் இப்பயன் கிட்டுமா? கிட்டுமாயின் அதுவே முதலில் கொள்ளத்தக்கது.

3. துன்பம் தணியும் அளவோடு நிற்கிறோமா, அதற்கு மேலும் மனம் விரும்புகிறதா? விரும்புமாயின் அக்கணமே மருந்து மதுவாகிவிட்டது.

4. இதனை மருத்துவரிடமும் மனைவி மக்களிடமும் ஒளிக்காமல் சொல்ல இயலுமா? ஒளிக்க நேர்ந்தால் அங்கே பொய் புகுந்துவிட்டது.

இவற்றோடு சமுதாயம் கேட்க வேண்டிய வினாவும் ஒன்று உண்டு. 2018 இல் எபிடயோலெக்ஸ் வெளிவந்தபோது ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 32,500 டாலர் எனப் பட்டியல் விலை வைத்தனர். அதனை உருவாக்கிய நிறுவனம் 2021 இல் 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்கு விற்கப்பட்டது. மருந்தென ஏற்றுக்கொள்வது எளிது. அது ஏழைக் குழந்தைக்கும் எட்டுமாறு செய்வதே அரிது. கல்கத்தாவில் நம் நாட்டவரிடம் கேட்டறிந்து தொடங்கிய ஆய்வின் பயன் நம் நாட்டு ஏழைக்கு எட்டாதிருப்பது வருந்தத்தக்கது. மருந்தைக் கொடையாக வழங்குவது நான்கு தானங்களுள் ஒன்று என்று போற்றும் மரபினர்க்கு இதுவும் சிந்திக்க வேண்டிய பொருளாகும்.

மூதாட்டிக்கு நான் கூறிய விடை இத்துணை நீண்டதன்று. "பெரியம்மா, நீங்கள் விரதம் ஏற்றது மயங்காதிருப்பதற்காக. இப்போது வலி உங்களை மயக்குகிறதா, மருந்து மயக்குமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். மயக்கினால் விட்டுவிடலாம்" என்றேன். அவர் மருத்துவரை வரவழைத்து, எவ்வளவு, எத்தனை வேளை, நிறுத்த முடியுமா என்றெல்லாம் கேட்டறிந்து, மிகக் குறைந்த அளவில் தொடங்க இசைந்தார். முதல் மூன்று நாள் உறங்கிக்கொண்டே இருந்தார். "இது எனக்கு வேண்டாம்" என்றும் கூறினார். நான்காம் நாள் மாலை, பல வாரங்களுக்குப் பின்னர், சுவரில் சாய்ந்து அமர்ந்து விளக்கேற்றச் சொல்லித் தோத்திரம் ஓதினார்.

அதன் பின்னும் சில நாட்களில் மருந்தை வேண்டாம் என்று தள்ளியதுண்டு. சில நாட்களில் கேட்டு வாங்கியதும் உண்டு. ஒவ்வொரு நாளும் தம் மனத்தை ஆராய்ந்தே அவர் முடிவு செய்தார். இறுதிவரை அவ்வுரிமை அவரிடமே இருந்தது. நாடுகள் எதனை ஏற்றாலும் எதனை விலக்கினாலும், நாள்தோறும் அவ்வாறு தம்மை ஆராய்ந்துகொள்ளும் கடமை நம் ஒவ்வொருவரிடமும் உள்ளது. சிந்திப்போமாக.